குளத்துக்கும் காத்துக்கும் ஆகாது, மருமவனே

வா மருமவனே, இப்படித் திண்ணையில உக்காரு. உவரியில பொறந்தவன், வாசலைத் தாண்டி நாலு எட்டு வச்சா கடல்ல கால் நனையுற ஊர்க்காரன், 'மாமா, துடுப்பு போட உள்நாட்டுல ஏரி எங்க இருக்கு'ன்னு கேக்குத. இத நம்ம ஊர்க் கப்பல் மாதா கேட்டிருந்தா நங்கூரத்தை எடுத்துக் கோயிலையே கெளப்பிக்கிட்டுப் போயிருப்பா. நல்ல வேளை, அந்தக் கோயில் சிமிண்டுல கட்டுன கப்பல்.

சிரிக்கல மக்கா. நான் சிரிச்சா நீ கோவிச்சுக்கிட்டு சென்னைக்குப் பஸ் ஏறிருவ, எங்க அக்கா என்னையத்தான் ஏசுவா. நீ கேட்டதுலயும் ஞாயம் இருக்கு. ஆனி ஆடியில கச்சான் காத்து புடிச்சுத் தள்ளும்போது நம்ம கரையில அலை எப்படி மடியும்னு எனக்குத் தெரியாதா? காத்தடைச்ச அந்த ரப்பர் படகைச் சுருட்டி மணல்ல அறைஞ்சிட்டுப் போயிரும். அதுல சின்னதா ஒரு பாய் வேற வச்சிருக்க. கைக்குட்டைன்னு நெனச்சு மூக்கைத் தொடைக்கப் பாத்தேன். அலையடிக்காத தண்ணி வேணும்னு ஒனக்குத் தோணுறது சரிதான். ஆனா தண்ணி தேடுறவன் முதல்ல கேக்க வேண்டியது 'எங்க இருக்கு'ன்னு இல்ல. 'யாருக்கு இருக்கு, எந்த மாசம் இருக்கு'ன்னு கேக்கணும்.

நான் கப்பல்ல சோறு பொங்கிக்கிட்டுத் திரிஞ்ச காலத்துல பின்லாந்துக்காரன் ஒருத்தன் கூட இருந்தான். அவன் ஊர்ல திரும்புன பக்கமெல்லாம் ஏரியாம். எந்தக் காலத்துலயோ பனிப்பாறை நகந்து குடைஞ்சு விட்ட பள்ளம். அதுல தண்ணி தன்பாட்டுக்குக் கெடக்கும். யாரும் வெட்டல, யாரும் கரை போடல, படகை எறக்கினா ஏன்னு கேக்க ஆள் கிடையாது. நம்ம சீமையில அப்படித் தன்பாட்டுக்குக் கெடக்கிற தண்ணி எங்க இருக்கு, சொல்லு பாப்போம். திருநெல்வேலிச் சில்லாவுல இருக்கிறதெல்லாம் குளம். ஓடி வர்ற மழைத்தண்ணியை மண்கரை போட்டு மறிச்சது. கரையில மடை இருக்கும், ஓரத்துல மறுகால் இருக்கும், மடைக்குக் கீழ ஆயக்கட்டு இருக்கும், ஆயக்கட்டுல நெல்லு இருக்கும், நெல்லுக்குப் பின்னால அருவாளோட ஒரு ஆளு இருப்பான். குளத்துல ஒவ்வொரு சொட்டுக்கும் சோலி உண்டு மருமவனே. சோலி இல்லாம மெதக்கிறது நீயும் ஒன் படகுந்தான்.

சரி, துடுப்பை விடு. பாயில ஓட்டணும்னு ஆசைப்படுதியே, அதுல இருக்கிற வில்லங்கத்தைக் கேளு.

வைகாசி பொறந்ததுல இருந்து ஆவணி முடியுற மட்டும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா கச்சான் வரும். முப்பந்தல், காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம்னு வரிசையா காத்தாலை நட்டு வச்சிருக்கானே, அது இந்தக் காத்தை நம்பித்தான். கையில வச்சிருந்த மழையை மலையாளத்துலயே கொட்டிட்டு, மலை ஏறி எறங்கி, வெறுங்கையோட நம்ம பக்கம் வர்ற காத்து அது. பாய் விரிக்க அதைவிட ஒரு காத்து வேணுமா? வேண்டாம். ஆனா அந்த மாசத்துல நாங்குநேரிப் பக்கத்துக் குளம் ஒண்ணுல போய் நின்னு பாரு. மண்ணு வெடிச்சுக் கெடக்கும். பயலுவ ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருப்பானுவ. அங்கன நீ பாயை விரிச்சா படகு ஓடத்தான் செய்யும், அடியில சக்கரம் மாட்டிருந்தா.

ஐப்பசி, கார்த்திகை வந்தாத்தான் நமக்கு மழை. குளம் பெருகும், மறுகால் பாயும், தவளை கத்தும். அப்போ கச்சான் போன எடம் தெரியாது. காத்தாலை எல்லாம் ரெக்கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும். வாடைக்காத்து வரும், ஆனா மழையும் இடியுமா வரும். அதுல பாய் விரிக்கிறவனுக்கு மாதாவே துணை. ஆக, காத்து இருக்கும்போது தண்ணி இல்ல, தண்ணி இருக்கும்போது காத்து இல்ல.

ஐதராபாத்துக்காரன் கொடுத்து வச்சவன். உசேன்சாகர்னு ஒரு ஏரி, 1560கள்ல கட்டுனது, ஊருக்கு நடுவுல கெடக்கு. அவனுக்குத் தென்மேற்குப் பருவந்தான் மழைக்காலம், காத்தும் அப்பத்தான். அதனால ஜூலை, ஆகஸ்டுல பாய்ப்படகுப் பந்தயம் வச்சு விளையாடுதான். நமக்கு மேற்கு மலை குறுக்க நின்னு ரெண்டையும் பிரிச்சு விட்டிருக்கு. மலையைக் குத்தம் சொல்லவும் முடியாது, தாமிரவருணி அங்கேர்ந்துதான வருது.

விலக்கு ஒண்ணு இருக்கு. பாபநாசத்துல தண்ணி கெடந்து ஆனி மாசம் கார் பருவத்துக்குத் தெறந்து விட்டான்னா, ஆத்துக்கால் பாயிற குளங்களுக்கு அப்பவே தண்ணி வரும். சேரன்மாதேவி, பாளையங்கோட்டைப் பக்கம் போனா பாக்கலாம். காத்தும் கொஞ்சம் இருக்கும். ஆனா அதுல பாதிக் குளம் அமலைச்செடி மூடிக் கெடக்கு. அது மேல நடந்து போகலாம் போலத் தோணும். நடந்து பாத்திராத.

டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பாய்ப்படகுல போச்சே நேத்ரா குமணன்னு ஒரு சென்னைப் பிள்ளை, அந்த ஆட்டத்துக்குத் தகுதி வாங்குன முதல் இந்தியப் பொம்பளைப் பிள்ளை, அது பழகுனது எங்க? கடல்ல. சொன்னா ஒனக்குக் கோவம் வருது. சரி, சொல்லல.

இனிமே எடத்தைப் பாப்போம். மொதல்ல போகக் கூடாத எடம்.

கூந்தன்குளத்துக்கு மட்டும் படகைத் தூக்கிக்கிட்டுப் போயிராத. 1994ல இருந்து பறவைகள் சரணாலயம், இப்போ ராம்சார்ப் பட்டியல்லயும் சேத்தாச்சு. மார்கழி, தை மாசம் போனா பூநாரை, கூழைக்கடா எல்லாம் நிக்கும். மங்கோலியாப் பக்கத்துல இருந்து இமயமலையைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து எறங்கும். அவ்வளவு தூரம் துடுப்பு இல்லாம வந்த உசுரு அது, ஒன்னையப் பாத்தா என்ன நெனைக்கும்? மஞ்சமூக்கு நாரை குளத்து மரம் போதாதுன்னு ஊருக்குள்ள வீட்டு வாசல் வேம்புலயே கூடு கட்டும். எச்சம் தலையில விழுந்தாலும் ஊர்க்காரங்க ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்க, பறவை வர்றதே மழைக்கும் வெளைச்சலுக்கும் அடையாளம்னு நினைக்கிற சனம். எச்சம் ஊறுன வண்டலை அள்ளி வயலுக்குப் போடுதாங்க, சும்மா ஒண்ணும் பாசம் இல்ல. தீவாளிக்கு வெடிகூட வெடிக்காத ஊரு. அங்கன போய் நீ பம்பை எடுத்துப் படகுக்கு 'புஸ் புஸ்'ஸுன்னு காத்தடிச்சேன்னு வையி, வனத்துறைக்காரன் வர்றதுக்கு முந்தி ஊர்க் கிழவியளே ஒன்னைய உரிச்சுருவாளுவ. படகை வீட்டுல போட்டுட்டு, பைனாகுலரை மாட்டிக்கிட்டுக் கரையில நின்னு பாத்துட்டு வா. போற வழியில மூலைக்கரைப்பட்டியில என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான். பழைய வலை ஒண்ணுக்குக் காசு பாக்கி. நான் அனுப்புனதாச் சொல்லாத, சொன்னா வீட்டுல இல்லம்பான்.

காரையார் அணைக்குப் போலாம்னு எவனாவது சொல்லுவான். பாபநாசம் மேலணை, 143 அடி. பாணதீர்த்த அருவிக்கு அங்கேர்ந்து படகு ஓடுன காலம் ஒண்ணு இருந்துச்சு. ஒங்க அம்மா கல்யாணம் ஆன புதுசுல அதுல ஏறி ஒக்காந்து, கடக்கரைப் பொம்பளை, மலைத்தண்ணியைப் பாத்து அலறுனா. ஒங்க அப்பா இன்னைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாரு. அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். அந்தப் படகையும் நிப்பாட்டிட்டாங்க. காட்டுக்காரன் அனுமதி இல்லாம துடுப்பைக் காருக்குள்ள வச்சிருந்தாலே செக்போஸ்ட்டுல எறக்கி வச்சிருவான். மணிமுத்தாறும் அந்த மலை அடிவாரந்தான், 118 அடி. அதோட பிரதான கால்வாய் திசையன்விளை வரைக்கும் வரணும்னு 1950கள்ல வெட்டுனது. கடைமடைக்காரன் இன்னமும் வாய்க்காலைப் பாத்துக்கிட்டுத்தான் நிக்கான். அந்தத் தண்ணியில நீ வெளையாடப் போனேன்னு தெரிஞ்சா அவனுக்கு வயிறு எரியும்.

விஜயநாராயணம் பெரியகுளம் நல்ல அகலம். மழை நல்லாப் பெஞ்ச வருசம் அக்கரை கண்ணுக்கு எட்டாது. ஆனா ஊரை ஒட்டி கடற்படைக்காரன் ஐ.என்.எஸ். கட்டபொம்மன்னு ஒரு நிலையம் வச்சிருக்கான், 1990ல இருந்து. வானத்தைக் குத்திக்கிட்டு நிக்கிற அந்தக் கம்பத்தைப் பாத்திருப்ப. கடலுக்கு அடியில முங்கிக் கெடக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்கு அங்கேர்ந்துதான் சேதி போகுது. தண்ணிக்கு அடியில கெடக்கிறவனுக்குச் சேதி போகுது, தரையில ஒக்காந்திருக்கிற எனக்கு ஒன் அம்மை பேசுனா பாதி வார்த்தை கேக்க மாட்டேங்கு. அந்தப் பக்கம் போனேன்னா கம்பத்துப் பக்கம் கேமராவைத் தூக்காத. படகு, கேமரா, தாடி மூணும் ஒரே ஆள்ட்ட இருந்தா, அதுவும் கடல் இல்லாத எடத்துல, கேக்கிறவனுக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். தாடியை எடுத்துட்டுப் போ.

தெப்பக்குளமா? நல்லாக் கேட்ட. நெல்லையப்பர் கோயில்ல தெப்பத் திருநாள் உண்டு. அதுல சாமியே கயிறு கட்டி இழுத்தாத்தான் சுத்தி வருவாரு, துடுப்பு போட மாட்டாரு. அவருக்கே தெப்பத் திருநாளுக்கு மட்டுந்தான் அனுமதி. நீ எந்த மூலைக்கு?

கொடைக்கானல், ஊட்டின்னு போலாமேங்க. அதுவும் ஏரி இல்ல மக்கா, வெள்ளைக்காரன் நம்ம பாணியிலயே கரை போட்டு மறிச்சதுதான். ஊட்டி ஏரியை 1820கள்ல கோயம்புத்தூர்க் கலெக்டர் சல்லிவன் கட்டுனான். அவனாவது தண்ணி சேக்கணும்னு கட்டுனான், படகு பொறவு வந்தது. கொடைக்கானல் ஏரி மதுரையில கலெக்டரா இருந்த லெவிஞ்சு 1863ல ஓடையை மறிச்சுக் கட்டுனது. அதுல விட்ட முதல் படகு எங்கேர்ந்து போச்சு தெரியுமா? தூத்துக்குடியில இருந்து. மலைக்கு மோட்டார் ரோடு கெடையாத காலம். படகு தானா மலை ஏறியிருக்காது. கடக்கரையில மெதந்துக்கிட்டு கெடந்ததை எவன் தோளுலயோ ஏத்தி, ஏழாயிரம் அடி ஒசரத்துல கொண்டு போய்ச் சுத்த விட்டிருக்கான் தொரை. இப்போ நீ சென்னையில வாங்கி உவரிக்குக் கொண்டாந்து, உவரியில இருந்து குளத்துக்குக் கொண்டு போகப் போறேங்க. தொரைக்காவது சுமக்க ஆள் இருந்துச்சு.

ஒரே ஒரு தடவை இந்தச் சில்லாவும் தூத்துக்குடிச் சில்லாவும் சேந்து ஏரியாக் கெடந்ததைப் பாத்திருக்கேன். 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல ரயில் தண்ணிக்கு நடுவுல நின்னு போச்சு. தாமிரவருணி ரெண்டு கரையும் தெரியாம ஓடுச்சு. கடக்கரை ஊர்ப் பயலுவ வள்ளத்தை லாரியில ஏத்திக்கிட்டுப் போய்த் தெருவுல எறக்கி, மொட்டை மாடியில இருந்த சனங்களை எடுத்தாங்க. என்ஜினைத் தெருவுக்குள்ள ஓட்ட முடியாது, தண்ணிக்கு அடியில சைக்கிள் கெடக்கும், கம்பி வேலி கெடக்கும், அதனால துடுப்பும் கம்பும் போட்டுத்தான் போகணும். அன்னைக்கு எவனும் ஏரி எங்க இருக்குன்னு கேக்கல. கரண்டுக் கம்பி எங்க தொங்குதுன்னு மட்டுந்தான் கேட்டான். நீ அப்போ ஆபீஸ்ல இருந்து மூணு வாட்டி போன் போட்டுப் பொலம்புன. அதுல ஒனக்கு மார்க்கு குடுத்திருக்கேன்.

அப்படி வீணாக் கடலுக்குப் போற வெள்ளத்தைத் திருப்பி விடத்தான் கன்னடியன் கால்ல இருந்து ஒரு வெள்ளநீர்க் கால்வாய் வெட்டிருக்காங்க, கருமேனியாறு, நம்பியாறு எல்லாத்தையும் இணைச்சு. 75 கிலோமீட்டர், எம்.எல். தேரி வரைக்கும். 2009ல தொடங்குனது, 2025ல தெறந்து வச்சாங்க. நான் சாகுறதுக்குள்ள பாப்பேனான்னு இருந்தேன், பாத்துட்டேன். அதுல படகு விடலாம்னு கண்ணை விரிக்காத. ஆத்துல வெள்ளம் வந்தா மட்டுந்தான் அதுல தண்ணி. அந்த ஓட்டத்துல எறங்குனா துடுப்பு போட வேண்டிய அவசியமே இருக்காது, தேரி மணல்ல வந்துதான் ஏந்திருப்ப.

ஆக எங்கதான் போகன்னு கேக்க. சொல்லுதேன், வெத்தலையை மடிச்சுக்கிடுதேன், இரு.

துடுப்புக்கு மட்டும்னா பக்கத்துலயே எடம் இருக்கு. ஆத்தங்கரைப் பள்ளிவாசல்கிட்ட நம்பியாறு கடலுக்கு வர்ற எடம். மணலு வாயை மூடிக் கெடக்கிற மாசத்துல தண்ணி அசையாம நிக்கும். தர்காவுக்கு வர்ற சனம் இருக்கும், அரை டவுசரோட அவங்க முன்னால போய் ஆட்டம் காட்டாம, தள்ளி எறக்கு. இல்லன்னா மணப்பாடு. கருமேனியாறு கடல்ல சேருற கழி, மணல்திட்டு மறிச்சு வச்சிருக்கு. மேட்டு மேல 1581ல கட்டுன திருச்சிலுவைக் கோயில் நிக்கும். ஊருக்கு அந்தப் பக்கம் பலகையில நின்னுக்கிட்டு அலைச்சறுக்கு ஆடுதானுவ, இந்தப் பக்கம் கழியில தண்ணி சும்மா கெடக்கும். கடல்காத்தும் கெடைக்கும். கெடுக்கிறதுக்கு நெல்லு இல்ல, கேக்கிறதுக்கு மடைக்காரன் இல்ல. திரும்பி வரும்போது உடன்குடியில கருப்பட்டி ரெண்டு கிலோ. ஒடைச்சு மோந்து பாத்து வாங்கு, சீனி கலந்ததை வாங்கிட்டு வந்தா ஒன் காப்பியில போட்டுருவேன்.

பாயும் வேணும், குளமும் வேணும்னா தை மாசம். மழை ஓஞ்சிருக்கும், பிசானத்துக்குத் தண்ணி பாய்ஞ்சும் குளத்துல மிச்சம் கெடக்கும். காலையில காத்து இருக்காது, துடுப்பு போடு. மத்தியானம் கடல்ல இருந்து கொண்டல் காத்து ஏறி உள்ள வரும். கச்சான் மாதிரி முரடு இல்ல, ஒன் கைக்குட்டைக்கு அதுவே போதும். நாங்குநேரிப் பக்கம் கரையில பனை கொறைவா இருக்கிற குளமாப் பாரு. பனை வரிசையா நின்னா காத்து வெட்டி வெட்டி வரும், பாய் ஒரு நிமிசம் சாகும், அடுத்த நிமிசம் படகைக் கவுக்கும்.

எறங்குறதுக்கு முந்தி மூணு ஆளைப் பாக்கணும். பஞ்சாயத்துத் தலைவர், மீன்பாசி குத்தகைக்காரன், நீர்ப்பாய்ச்சி. நீர்வளத்துறையில எழுதிக் குடுக்கணும்னாலும் குடு, காயிதம் பையில இருக்கட்டும். ஆனா நீர்ப்பாய்ச்சிதான் உண்மையான ஆபீசர். அந்தத் தண்ணிக்கு அடியில எந்த எடத்துல என்ன கெடக்குன்னு அவனுக்குத்தான் தெரியும். கையில கொஞ்சம் கருவாடு கொண்டு போ, சீலாக் கருவாடா இருந்தா மடை சாவியே குடுத்துருவான்.

ஒண்ணு மறந்துராத. நம்ம கடல்ல கரையில ஆழம் இல்ல, போகப் போக ஆழம். குளத்துல நேர் எதிர். கரைக்கு மண்ணு அள்ளுனது அங்கனதான், மடையும் அங்கனதான், அதனால கரையடியிலதான் ஆழம். நடுவுல போனா இடுப்புக்குத்தான் நிக்கும். தைரியமாக் கரையோரம் எறங்குனவந்தான் முங்கிச் சாவான், நடுக்குளத்துல பயந்துக்கிட்டு நிக்கிறவன் நின்னுக்கிட்டே இருப்பான். நடுவுலயும் வண்டல் அள்ளுன குழி இருக்கும், அதைத்தான் நீர்ப்பாய்ச்சிகிட்ட கேட்டு வச்சுக்க. மடை தெறந்திருக்கும்போது கிட்ட அண்டாத, மேல தண்ணி அசையாது, அடியில ஆளை இழுக்கும். குளத்துக்குள்ள உடைமரம் நிக்கும், கருவேலம் நிக்கும், முள்ளு தண்ணிக்கு ஒரு சாண் அடியில இருக்கும். ஒன் படகு ரப்பரு. அந்தச் சங்கதி முள்ளுக்குத் தெரியாது. மெதக்கிற சட்டையைப் போட்டுக்க. கடக்கரைக்காரனுக்கு நீச்சல் தெரியும்னு பெருமை பேசாத, குளத்துத் தண்ணியில உப்பு இல்ல, கடல் தூக்குற மாதிரி தூக்காது.

தனியாப் போகப் போறியா? என்னத்துக்கு? படகுல ரெண்டு பேர் ஒக்காரலாம்னு அட்டைப்பெட்டியிலயே போட்டிருக்கு, நான் பாத்துட்டேன். பருமல்ல பாயைக் கட்டி இந்தக் கடல்ல கச்சானுக்கு எதிரா கட்டுமரம் ஓட்டுன கை இது, பைபர் வள்ளமும் என்ஜினும் வந்த பொறவு சும்மா வெத்தலை மடிச்சுக்கிட்டு இருக்கு. தை மாசம் ரெண்டாஞ் சனிக்கிழமை வையி. வெடியக்காலம் கார் எடு. நாங்குநேரியில ஒங்க சித்தி வீட்டுல எறங்கி காப்பி குடிச்சுட்டு, அவ எனக்குத் தர்றேன்னு சொன்ன அரை மூட்டை அரிசியை ஏத்திக்கிட்டு அப்படியே குளத்துக்குப் போயிருவோம். நீ அணியத்துல ஒக்காரு, நான் பின்னால. காலையில காத்து இருக்காதுன்னு சொன்னேன்ல, அதுவரைக்கும் துடுப்பு ஒனக்கு. மத்தியானம் கொண்டல் ஏறுனதும் என்னைய எழுப்பு, பாயை நான் பாத்துக்கிடுதேன்.